ஆமையாரின் விரதம்

1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே தூறல், காற்று இல்லை. பின்வளவுச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் ஏழு பாகை. சமையலறைக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில் ஆறு. ஆமையின் நிறை 1,612 கிராம். ஓட்டின் நீளம் 196 மில்லிமீற்றர். இவ்வளவையும் கொப்பியில் எழுதிய பிறகுதான் ஆமையைக் குளிர்கால நித்திரைக்குப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டி என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளியே இருப்பது பழைய தேயிலைப் பெட்டி. உள்ளே இருப்பது நான் பலகை அறுத்து அடித்தது. மூச்சுக்காற்றுக்குப் பதினான்கு துளை. இரண்டுக்கும் நடுவே நான்கு அங்குலத்துக்குக் கசக்கிய தாள். உள்பெட்டிக்குள் கீலம் கீலமாக வெட்டிய பத்திரிகை. தமிழ்ப் பத்திரிகையும் அதற்குள் அடக்கம். சாமிப் படம் உள்ள பக்கங்களை என் மனைவி முன்கூட்டியே உருவி எடுத்துவிடுவாள்.

அன்று பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். கேட்டும் தராமல் நின்றாள்.

“இன்னும் ரெண்டு கிழமை பொறுத்து வைச்சால் என்ன?”

“மூண்டு கிழமை விரதம் முடிஞ்சுது. இனியும் பொறுத்தால் தன்ர உடம்பைத்தான் தின்னும்,” என்றேன்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. என்னோடு வாதாடாமல் விடுகிற பெண் அல்ல அவள்; நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். குனிந்து ஓட்டை ஒரு விரலால் இரண்டு தரம் தடவி, “சரி, போயிட்டு வாங்கோ,” என்று ஆமைக்குச் சொல்லிவிட்டு மூடியைத் தந்தாள். பத்து நாளில் அவளும் புறப்பட இருந்தாள். ரொறன்ரோவில் எங்கள் ஒரே மகளுக்குப் பிள்ளைப்பேறு டிசம்பரில். விமானச்சீட்டு ஒருவருக்குத்தான் எடுத்திருந்தோம். இன்னொன்று எடுக்கக் காசு இல்லை என்பது பாதிக் காரணம். நித்திரையில் இருக்கும் ஆமையைக் கிழமைக்கு ஒரு தரம் நிறுக்க வேண்டும் என்பது மறுபாதி. அந்த மறுபாதியை நான்தான் சொன்னேன்.

ஆமை எங்களிடம் வந்தது என்று சொல்வது சரியில்லை. 1986இல் லண்டன் செவன் கிங்ஸில் இந்த வீட்டை வாங்கியபோது, விற்ற வெள்ளைக்காரக் கிழவி, தான் போய் இருக்கப்போகும் மூன்றாம் மாடியில் ஆமை வளர்க்க ஏலாது என்று சொல்லி, திரைச்சீலைகளோடும் காஸ் அடுப்போடும் அதையும் விட்டுப்போனார். ஒரு வெப்பமானியும் தந்தார். அது ஆணா பெண்ணா என்று அவருக்கும் தெரியவில்லை. என் மனைவி முதல் நாளே ‘ஆமையார்’ என்று கூப்பிடத் தொடங்கினாள். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், மரியாதையும் குறையாது.

பால் காய்ச்சிய அன்று வெம்பிளியிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தமையனார் பின்வளவில் ஆமையைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியைச் சொல்லி, இதை இன்றைக்கே எங்காவது கொண்டுபோய் விடு என்று எனக்குக் கட்டளையிட்டார். எனக்கும் உள்ளூர ஒரு பயம். ஊரில் ஒரு வீட்டை விட்டு வந்தவன், இரண்டாவது வீட்டைக் கடனில் வாங்கியிருக்கிறேன். மனைவிதான் பலகாரத் தட்டை நீட்டியபடி பதில் சொன்னாள்: “ஆமை எங்கட வீட்டுக்கு வரேல்லை அண்ணை. நாங்கள்தான் ஆமையின்ர வீட்டுக்கு வந்திருக்கிறம். அது பயப்பிடாமல் இருக்குது, நீங்கள் சாப்பிடுங்கோ.”

நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் வரைபடம் கீறியவன். இங்கே வந்து ஒரு கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரு பொறுப்பு வந்தால் அதை அளக்காமல் இருக்க முடியாது. நூலகத்தில் ஆமை வளர்ப்புப் பற்றி இருந்த இரண்டு புத்தகத்தையும் எடுத்து வாசித்தேன். வாசித்த பிறகு மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த நித்திரையில் சாவதற்கு அவ்வளவு வழி இருந்தது. பூச்சியத்துக்குக் கீழே போனால் முதலில் கண் போகும், பிறகு உயிர். பத்துப் பாகைக்கு மேலே போனால் அரைகுறையாக விழித்து, சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் எரித்து, எலும்பும் ஓடுமாய்ப் போகும். பெட்டிக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் குறைந்துவிடும், உடனே எழுப்ப வேண்டும். எலி புகுந்தால் நித்திரையிலேயே காலைக் கடித்துவிடும். எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தந்தது வயிறு. வயிற்றில் உணவோடு உறங்கப் போட்டால், குளிரில் அது சமிக்காது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்து அழுகும், வாயு பிடிக்கும், நஞ்சாகும். வெளியே ஒன்றும் தெரியாது. பங்குனியில் எழுப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே உறங்கப் போடுமுன் மூன்று கிழமை உணவே கொடுக்கக் கூடாது. தண்ணீர் மட்டும். நாளுக்கு ஒரு தரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருத்த வேண்டும்.

1987 தையில் லண்டன் உறைந்த கிழமை, சாமான் அறை ஒரு பாகைக்கு வந்தது. அப்போது என் மனைவி தன்னுடைய கம்பளிச் சால்வை இரண்டையும் தேயிலைப் பெட்டிக்குச் சுற்றினாள். பிறகு நாங்கள் இருவருமாகப் பெட்டியைத் தூக்கி நடையில் வைத்தோம். நான்கு நாள் அதைச் சுற்றித்தான் நடந்தோம். பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. இருந்தும், அந்த நான்கு நாளும் நாங்கள் மெல்லத்தான் கதைத்தோம். வீட்டில் ஒரு பிள்ளை படுத்திருப்பதுபோல.

இதையெல்லாம் எழுதும்போது 1998. சாமான் அறையில் ஆமை உறங்குகிறது. மனைவி காலமான பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம். இப்போது நான் சத்தமாகக் கதைக்கலாம்; கதைக்க ஆள் இல்லை.

1991க்குத் திரும்புகிறேன். நவம்பர் 27, புதன்கிழமை அவளை ஹீத்ரோவில் ஏற்றிவிட்டு வந்தேன். வாசலில் அவளுடைய வீட்டுச் செருப்பு இருந்தது. நான் அதை எடுத்து வைக்கவில்லை. இரண்டு பேருக்கு அரிசி அளந்து பழகிய கை, அன்றைக்கும் இரண்டு பேருக்கு அளந்தது. மிஞ்சியதை அடுத்த நாள் சாப்பிட்டேன். அடுத்த நாளும் அப்படியே அளந்தேன். ஒரு கிழமை பழஞ்சோறு சாப்பிட்ட பிறகுதான் கை திருந்தியது. வீட்டில் பதின்மூன்று படி. அவள் முழங்கால் வலியோடு ஏறும்போது ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். நானும் அந்தப் படியில் நின்று போனேன், ஒரு காரணமும் இல்லாமல்.

ஞாயிறுதோறும் பின்னேரம் இரண்டு மணிக்குத் தொலைபேசி. அங்கே காலை ஒன்பது. ஏழு நிமிடம் என்று நான் வரையறுத்திருந்தேன். எடுப்பதற்கு முன் ஆமையை நிறுத்து எழுதிவிடுவேன். அவளுக்குச் சொல்ல ஒரு செய்தி வேண்டுமே. டிசம்பர் முதலாம் திகதி 1,609 கிராம். நல்லாயிருக்கிறீரா, குளிரா என்று நான் கேட்கத் தொடங்குமுன் அவள் கேட்டாள்: “ஆமையார் மணக்குதே?”

மணக்கவில்லை என்றேன். அடுத்த ஞாயிறும் முதல் கேள்வி அதுதான். “மூடியைத் துறந்து மணந்து பாத்தனீங்களோ?” பார்த்தேன், தாள் வாசம்தான் என்றேன். எனக்குச் சிறு மனத்தாங்கல் வந்தது. நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த புருஷன் தனியே சமைத்துச் சாப்பிடுகிறான். அவன் என்ன சாப்பிட்டான் என்று நாலாவது நிமிடத்தில்தான் கேட்கிறாள். பேத்தி பதினோராம் திகதி பிறந்தாள். பதினைந்தாம் திகதி பேசியபோது பிள்ளையின் நிறை மூன்று கிலோ இருநூற்று நாற்பது என்றாள். அன்றைக்கு ஆமை 1,606. ஆமையைப்போல் இரண்டு மடங்கும் இருபத்தெட்டுக் கிராமும் என்று நான் கணக்குச் சொன்னதும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “மணக்கேல்லைத்தானே?” என்றாள்.

டிசம்பர் 22. நிறை 1,604. ஐந்து கிழமையில் எட்டுக் கிராம் குறைவு. புத்தகம் அனுமதிக்கும் அளவில் பாதிதான். எல்லாம் மிகச் சரியாகப் போகிறது என்ற திருப்தியோடு தொலைபேசியை எடுத்தேன். பிள்ளைக்கு வயிறு ஊதி இரவெல்லாம் அழுததாகவும், தான் மடியில் போட்டுக்கொண்டு இருந்ததாகவும் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். ஒன்றும் பேசாத தொலைபேசிக்கும் காசுதான். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“இஞ்சேருங்கோ. ஒரு விசயம் சொல்ல வேணும். ஏசக் கூடாது.”

“சொல்லும்.”

“பாறணை அண்டைக்கு ஆமையாருக்கும் குடுத்தனான்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பாள். இளநீரும் மிளகும் பாலும் என்று குறைத்து, ஏழாம் நாள் காலை பாறணை: சமைத்துப் படைத்து, விரதத்தை முடிக்கும் சாப்பாடு. மற்ற வருடங்களில் பாறணைக்குக் கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த வருடம் முழங்கால் வலி, பயணமும் கிட்ட, வீட்டிலேயே சமைத்தாள். தீபாவளியும் பிந்தி வந்த வருடம். பாறணை நவம்பர் 13. ஆமையைப் பெட்டியில் வைப்பதற்கு நான்கே நாள் முன்பு.

“என்ன குடுத்தனீர்?”

“சிவப்பரிசிச் சோறு ஒரு கை. கீரை. வாழைப்பழத்திலை பாதி. நீங்கள் பிறஷர் பாக்கப் போயிருந்தனீங்கள்.”

“உமக்குச் சொன்னனானல்லே? மூண்டு கிழமை ஒண்டும் குடுக்கக் கூடாதெண்டு சொன்னனானல்லே?”

“நீங்கள்தானே விரதம் எண்டு சொன்னனீங்கள். நானும் விரதம், அதுவும் விரதம். நான் இலையிலை சோத்தைப் போட்டுக்கொண்டு இருக்க, அது குசினி மூலையிலை நிண்டு கழுத்தை நீட்டிப் பாக்குது. எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்கேல்லை. விரதம் இருந்த சீவனைப் பாறணை இல்லாமல் படுக்கப் போடலாமே?”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உம்மை நம்பி ஒரு சீவனை விட்டால் இதுதான்,” என்றேன். வைத்துவிட்டேன். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. ஏழில் மூன்று நிமிடம் பத்து விநாடி மீதம் இருந்தது. அதற்குள் எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

சாமான் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். தாளை விலக்கி மூக்கை வைத்தேன். வாசம் இல்லை. கொப்பியிலுள்ள ஆறு நிறையையும் திரும்பக் கூட்டிக் கழித்தேன். கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. வயிற்றில் கிடக்கும் சோற்றைக் கொப்பி அறியாது.

விரதம் என்ற சொல் என்னுடையது. முதல் வருடம் ஆமைக்கு உணவை நிறுத்தியபோது அவள் முகம் வாடியதைக் கண்டு, அவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று விளையாட்டாகச் சொன்னேன்: ஆமையாருக்கு மூன்று கிழமை விரதம். அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. பட்டினி என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை பிடித்திருப்பாள், ஆனால் விதியை விளங்கியிருப்பாள். பட்டினியைப் பட்டினியாகவே விடலாம். விரதத்தை முடித்துவைக்க வேண்டும். முடிக்காத விரதத்துக்குப் பலன் இல்லை என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள் அவள். வரைபடத்தில் ஒரு கோடு சற்றே பிசகினால் எல்லைக்காக அண்ணனும் தம்பியும் தலைமுறைக்கு வழக்காடுவார்கள் என்று சொல்லிச் சொல்லிக் கோடு கீறிய நான், சொல்லை அளக்காமல் விட்டிருக்கிறேன். இது எனக்கு அன்று பின்னேரமே விளங்கியது. ஆனால் அடுத்த ஞாயிறுக்கு ஏழு நாள் இருந்தது. இடையில் எடுப்பதற்கு மானம் விடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு இல்போர்ட்டிலுள்ள மிருக வைத்தியசாலைக்குக் கொப்பியை மட்டும் கொண்டு போனேன். வைத்தியர் ஓர் இளம் பெண். கொப்பியை ஆறு பக்கமும் பொறுமையாகப் பார்த்தார். இரண்டு வழியிலும் ஆபத்து உண்டு என்றார். இப்போது எழுப்பினால் இந்தக் குளிர்காலத்தில் திரும்ப உறங்கப் போட ஏலாது. வசந்தம்வரை வெளிச்சமும் சூடும் கொடுத்து, தின்ன வைத்து, பிழைக்க வைக்க வேண்டும். விழித்த ஆமை தின்னாவிட்டால் மெல்ல மெல்லச் சாகும். எழுப்பாமல் விட்டால் பங்குனியில் ஒன்றும் நடக்காததுபோல எழும்பவும் கூடும். எப்போது செத்தது என்று தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கவும் கூடும். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். அப்படி ஒரு கணக்கு யாரிடமும் இல்லை, தானாயிருந்தால் எழுப்புவேன் என்றார்.

எண் இல்லாமல் நான் எடுத்த முடிவுகள் என் வாழ்வில் மிகக் குறைவு. பேருந்தில் வரும்போது யோசித்தேன். உறங்க விட்டால் இன்னும் பத்து ஞாயிறு இருக்கிறது. பத்து ஞாயிறும் அவள் ‘மணக்குதே’ என்று கேட்பாள். நான் இல்லை என்பேன், அவள் நம்பமாட்டாள். பங்குனியில் செத்த ஆமையைத் திறந்தால், தன் கையால் ஊட்டிக் கொன்றேன் என்று அவள் மீதிக் காலம் முழுவதும் நினைப்பாள். குசினியின் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இனி ஒருபோதும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டாள். நானும் அன்றைக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க ஏலாது. எழுப்பினேன்.

முதல் நாள் நடையில், பன்னிரண்டு பாகையில். அடுத்த நாள் பின்னறையில், இருபதில். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபத்தைந்து நிமிடம் இருத்தினேன். தலை வெளியே வந்தது, கண் திறக்கவில்லை. டிசம்பர் 25, நத்தார் அன்று ரயில் இல்லை, கடை இல்லை, தெருவில் ஒரு மனிதர் இல்லை. நானும் மூடிய கண்ணோடு ஓர் ஆமையும். பகல் பதினொன்றே காலுக்கு வலக்கண் திறந்தது, பன்னிரண்டுக்கு இடக்கண். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்குச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியும். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இருபத்தாறாம் திகதி தண்ணீர் குடித்தது. கழுத்து ஒவ்வொரு மிடறுக்கும் ஏறி இறங்கியது. நாற்பத்து மூன்று மிடறு எண்ணினேன். ஆனால் சலாது இலையைக் காட்டினால் முகத்தைத் திருப்பியது. இருபத்தேழாம் திகதி வைத்தியரிடம் கொண்டுபோனேன். வயிற்றில் வாயு இருக்கிறது என்றார். சிறிய குழாயால் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார், ஊசி போட்டார்.

இருபத்தொன்பதாம் திகதி ஞாயிறு, இரண்டு மணிக்கு எடுத்தேன். மகள்தான் பேசினாள்.

“அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டுறா அப்பா.”

“நான் வைக்காமல் நிக்கிறன்.”

“கன நேரம் செல்லும் எண்டு சொல்லச் சொன்னவ.”

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டேன். ஆறு நிமிடம் மீதம். அந்த வருடத்தில் எனக்கு மிச்சமான நேரமெல்லாம் இப்படித்தான் மிச்சமானது. அன்று பின்னேரம் அவளுடைய உடுப்பு அலுமாரியைத் திறந்து, அந்தக் கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஆமைக்கு முன்னால் இருந்தேன். நாப்தலின் உருண்டை மணம்தான் இருந்தது. அவளுடைய மணம் எங்கேயோ அடியில் இருந்திருக்கும். என் மூக்குக்கு எட்டவில்லை.

முப்பதாம் திகதி இரண்டாவது குழாய். இன்னும் நாலைந்து நாளில் வயிறு போகாவிட்டால் நம்பிக்கை குறைவு என்று வைத்தியர் சொன்னார்.

1992 ஜனவரி முதலாம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருந்த ஆமை பின்னங்கால் இரண்டையும் நீட்டி உந்தியது. தண்ணீர் கலங்கியது. மணத்தது. அப்படி ஒரு நாற்றத்தை நான் அதற்கு முன்னும் அறியேன், பின்னும் அறியேன். அதை முகர்ந்து நான் அடைந்த சந்தோஷத்தை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு தேத்தண்ணி வடிகட்டியில் வடித்துப் பார்த்தேன். கறுத்த கீரை நார். வாழைப்பழத்தின் நடு நூல். பிறகு சோறு. தவிட்டோடு, சிவப்பு மாறாமல், முழுதாக ஒன்பது பருக்கை. பாறணை நாளிலிருந்து நாற்பத்தொன்பதாவது நாள்.

அங்கே அப்போது விடியற்காலை ஐந்து மணி. எட்டு மணியாகும்வரை காத்திருந்தேன்; அந்த மூன்று மணி நேரமும் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில்தான். புதன்கிழமையில் நான் எடுப்பதில்லை. ஆகவே கெட்ட செய்தி என்று நினைத்து அவளே ஓடிவந்து எடுத்தாள்.

“சொல்லுங்கோ,” என்றாள்.

“ஒன்பது சோறு,” என்றேன்.

“என்ன?”

“உம்முடைய சோறு வந்திட்டுது. ஒன்பது பருக்கை. எண்ணிப் பாத்தனான்.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய ஏலாத ஒரு சத்தம். “ஒரு கைச் சோறு குடுத்தனான்,” என்றாள். “மிச்சத்தையும் வடிவாய்ப் பாருங்கோ. நீங்கள் எண்ணினால் கண்ணாடி போடாமல்தான் எண்ணுவியள்.”

விரதம் என்று நான் சொன்னது பிழை என்றேன். தான் கேட்காமல் கொடுத்தது பிழை என்றாள். நான் அன்றைக்குத் தொலைபேசியை வைத்தது பிழை என்றேன். அதற்கு அவள், என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். என்ன சமைத்தேன் என்பதை எட்டு நிமிடம் சொல்லியிருக்கிறேன். முடிவில், அதுவரை கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: “எப்ப வாறீர்?”

“பிள்ளைக்கு நாப்பத்தொண்டு கழியட்டும்,” என்றாள். மொத்தம் இருபத்து மூன்று நிமிடம்.

நாற்பத்தொன்று ஜனவரி இருபதில் கழிந்தது. பிறகு மகள் வேலைக்குத் திரும்பும்வரை என்றாள். பிறகு பனி குறையட்டும் என்றாள். ஆமை ஜனவரி ஐந்தாம் திகதியே முதல் இலையைக் கடித்திருந்தது. நாளுக்குப் பதினான்கு மணி நேரம் விளக்கு, இரண்டு தரம் நிறை, ஒரு தரம் குளிப்பு. வைத்தியர் ஆமையை மூன்றாவது தரம் பார்த்து, கொப்பியில் தானே ‘நலம்’ என்று எழுதித் தந்தார். நான் ஞாயிறோடு புதனும் தொலைபேசி எடுத்தேன். ஆமை என்ன தின்றது என்று சொல்வதற்காக. மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், பார்த்தேன், வைக்கவில்லை.

மார்ச் 14, சனிக்கிழமை அவள் வந்தாள். ரயிலில் வரும்போது பேத்தியின் படங்களைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் பின்னறைக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். ஒரு சலாது இலையைக் கிழித்து நீட்டினாள். ஆமை முதலில் அவளைப் பார்த்தது, பிறகு இலையைப் பார்த்தது, பிறகு கடித்தது. “இவர் என்னை ஏசிப்போட்டார், தெரியுமே?” என்று அதற்குச் சொன்னாள்.

அந்தக் காட்சியை நான் எத்தனை தரம் மனதில் திரும்பப் பார்த்திருக்கிறேன் என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை. பழுப்புக் கோட்டு, கழற்றாத காலுறை, விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவளுடைய நரைத்த உச்சி.

“எவ்வளவு முடிஞ்சுது?” என்று முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

நான் கணக்கை ஆயத்தமாகத்தான் வைத்திருந்தேன். வைத்தியர் மூன்று தரம், விளக்கு, மின்சாரம், இலை. நூற்று முப்பத்திரண்டு பவுண் பதினாறு பென்ஸ் என்றேன்.

“போன் காசு?”

“அது ஆமைக்கு இல்லையே.”

“பின்னை ஆருக்கு?” என்று கேட்டுக்கொண்டு, அடுத்த இலையைக் கிழித்தாள்.

நான் கொப்பியை எடுத்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தொலைபேசி அறுபத்தெட்டுப் பவுண் முப்பது பென்ஸையும் கீழே எழுதிக் கூட்டினேன். இருநூறு பவுண் நாற்பத்தாறு பென்ஸ்.